புது இன்ஜினுக்கு முதல் எண்ணெய்

ஜனவரி 22

என் மோரிஸ் மைனர் காரில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் ஒவ்வொரு லோபிலும் (மேட்டிலும்) பட்டறை முதலாளியான தவுக்கே தம் விரலாலேயே உராய்வைத் தடுக்கும் மாலிப்டினம் பசையைத் தடவி இன்ஜினை மூடினார். லோபின் தள்ளலை வால்வை நோக்கிக் கடத்தும் டாப்பெட்டுகளும் புதியவை. புது இன்ஜினைப் பழக்குவதற்கான ரன்னிங்-இன் எண்ணெய் இன்னும் வந்து சேரவில்லை.

ஜனவரி 24

கடையில் விற்கும் நல்ல சிந்தெடிக் எண்ணெயை ஊற்றி ஓட்ட வேண்டியதுதானே என்று மச்சான் கேட்டான். மோரிஸ் மைனரின் இந்த 1098 சி.சி. இன்ஜினில் கேம் லோப் டாப்பெட்டின் தட்டையான அடியில் உரசிக்கொண்டே செல்கிறது. அந்த மெல்லிய கோட்டில் விழும் அழுத்தத்தை எண்ணெய்ப் படலம் மட்டும் தாங்காது. துத்தநாகமும் பாஸ்பரஸும் அடங்கிய ஸெட்.டி.டி.பி. என்னும் சேர்மம் சூட்டிலும் உரசலிலும் சிதைந்து உலோகத்தின்மேல் ஒரு காப்புப் பூச்சாகப் படிய வேண்டும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுப்பதால், 2004இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். என்னும் அமெரிக்க எண்ணெய்த் தரம் முதல், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் அதன் அளவை 0.08 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள். என் வண்டியில் கன்வெர்ட்டரே இல்லை.

ஜனவரி 25

டீசல் எண்ணெய் ஊற்றலாம் என்பது மச்சானின் அடுத்த யோசனை. அதில் துத்தநாகம் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அழுக்கை அகற்றும் டிடர்ஜென்டும் கூடுதல். அதுவும் உலோகப் பரப்பில் இடம் பிடிக்கத் துத்தநாகத்தோடு போட்டியிடுகிறது. ரன்னிங்-இன் எண்ணெயில் டிடர்ஜென்ட்டைக் குறைத்து, வழுக்கலூட்டும் சேர்மங்களைத் தவிர்ப்பது இதற்காகத்தான். பிஸ்டன் ரிங்குகளும் ஹோன் செய்த (நுண்கீறல் இட்ட) சிலிண்டர்ச் சுவரில் சற்றே தேய்ந்தால்தானே பொருந்தும்! காத்திருப்பேன்.

ஜனவரி 29

சீனப் புத்தாண்டு. பட்டறை மூடியிருக்கிறது. பசை லோபுகளிலிருந்து வழிந்திருக்குமோ?

பிப்ரவரி 4

எண்ணெய் வந்துவிட்டது. பாகுநிலை எஸ்.ஏ.இ. 30, சிந்தெடிக் அல்லாத மினரல் வகை. பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரால் சுழற்றினால் எண்ணெய் அழுத்தம் ஏறும் என்பது வழக்கமான முறை. ஆனால் அப்படிச் சுழற்றும் ஒவ்வொரு சுற்றிலும் டாப்பெட்டுகள் பசையை வழித்துவிடும் என்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. அழுத்தமானியின் துளை வழியாக வெளியிலிருந்தே எண்ணெயைச் செலுத்தலாம் என்று தவுக்கேயிடம் சொன்னேன். சிரித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி 11

தைப்பூசம். அம்மாவின் பால்குடத்துடன் டேங்க் சாலை முருகன் கோயில் வரை நடந்தேன். மனம் பட்டறையில்தான் இருந்தது.

பிப்ரவரி 13

முதல் முயற்சியிலேயே பற்றிக்கொண்டது. உடனே நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு உயர்த்தி, அதற்கும் 2500க்கும் இடையே மாற்றி மாற்றி இருபது நிமிடம் ஓடவிட்டோம். லோபுகளுக்கு எண்ணெய், பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க் தண்டு வாரியடிக்கும் தெறிப்பில்தான் வருகிறது. ஐட்லிங்கில் அது போதாது. நின்ற வண்டியின் இன்ஜினை வீணே ஓடவிடுவதைச் சிங்கப்பூர்ச் சட்டமும் தடுக்கிறது, எனக்கு அதில் முழு உடன்பாடு. புகை வந்தது, பக்கத்துப் பட்டறைக்காரர் முறைத்தார், வால்வுப் பக்கம் ஒரு தட்டல் கேட்டதுபோல் எனக்கு மட்டும் தோன்றியது.

பிப்ரவரி 14

எண்ணெயை வடித்து, வடிகட்டியின் தாளை மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன். சாம்பல் நிற மெல்லிய துகள் இருந்தது, அது எதிர்பார்த்ததே. செதில் எதுவும் இல்லை. அதே வகை எண்ணெயைப் புதிதாக ஊற்றினோம்.

பிப்ரவரி 22

இனிச் சுமை வேண்டும். மெதுவாகவே ஓட்டிக் கொஞ்சினால் சிலிண்டர்ச் சுவர் பளபளத்து, ரிங்குகள் பொருந்தாமலே போய்விடும். லிம் சூ காங் சாலையில் மூன்றாம் கியரில் நன்றாக மிதித்து, பின் காலை எடுத்து, வண்டி தானே வேகம் குறைய விட்டேன். அப்போது சிலிண்டரில் உண்டாகும் வெற்றிடம் எண்ணெயை மேலிழுத்து ரிங்குகளை நனைக்கிறது. இந்த எண்ணெயில் 800 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பழைய கார்களுக்கான சிங்கப்பூரின் மரபு வாகனத் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். தீவோ நீளவாக்கில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

மார்ச் 1

அளவுகோலில் எண்ணெய் மயிரிழை குறைந்திருக்கிறது. ரிங்குகள் இன்னும் பொருந்தவில்லையா, அல்லது வண்டி நின்ற இடம் சரிவா? நாளை சமதளத்தில் மீண்டும் பார்ப்பேன்.