"எல்லார்கிட்டயும் கேப்பீங்களா மிஸ்?"

பள்ளியில் என்னிடம் ஆலோசனைக்கு வந்த அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது சரிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்திருந்தது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போகிறாள் என்று தோழி சொல்லியிருந்தாள், என் எதிரில் உட்கார்ந்து "தூக்கமே வரல மிஸ், நான் இல்லன்னா வீட்ல நிம்மதியா இருப்பாங்க" என்றாள். ஒரு பிள்ளை இவ்வளவு சொன்ன பிறகு சுற்றி வளைக்கக் கூடாது. "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டேன்.

இப்படிக் கேட்பது பல ஆசிரியர்களுக்கு இன்றைக்கும் பிடிப்பதில்லை. "இல்லாத நெனப்ப நீங்களே ஏன் மேடம் பிள்ளைங்க மனசுல போடுறீங்க?" என்பார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உள்ளேயே வைத்துப் புழுங்குகிறவர்களுக்கு ஒருவர் வாய்விட்டுக் கேட்பதே பெரிய ஆறுதல். இன்னொரு பயம் போலீஸ். உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்லியும் பள்ளிக்கூடங்களில் அந்தப் பேச்சை எடுக்கவே தயங்குகிறார்கள். சரி, அது தனிக் கதை.

அவள் "இல்ல மிஸ்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இத எல்லார்கிட்டயும் கேப்பீங்களா மிஸ்?"

"ஆமாம்மா, இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேப்பேன்."

"அப்ப சரி மிஸ்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் மரியாதையாகப் பதில் சொன்னாள். பொதுத்தேர்வில் தவறினாலும் அதே வருஷம் துணைத்தேர்வு எழுதலாம் என்றேன், தலையாட்டினாள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ எழுதிக் கொடுத்து, ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள் என்றேன், மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஆனால் முதலில் மனம் விட்டுப் பேசியது போல அப்புறம் அவள் பேசவே இல்லை.

எல்லாரிடமும் கேட்பேன் என்று நான் ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். தன்னை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தோன்றிவிடக் கூடாது. பயிற்சியில் சொல்லித் தந்ததும் அதுதான், நானும் அதை நம்புகிறேன். ஆனால் வீட்டில் நடுப்பிள்ளை, அம்மா பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர், யாரும் தனியாக உட்கார வைத்து விசாரிக்காத ஒரு பெண், "என்னைப் பார்த்துத்தான் கேட்டீங்களா?" என்ற அர்த்தத்தில் அதைக் கேட்டிருக்கலாமே. அவளுக்குப் போய் இது வழக்கமான கேள்வி என்று சொல்லிவிட்டேனோ?

இல்லை, ஒரு "அப்ப சரி"யில் நான் இவ்வளவு படிக்கக் கூடாது. அவளுக்கு அது நிம்மதியாகவும் இருந்திருக்கலாம். அவள் சம்மதத்தோடுதான் அம்மாவிடம் பேசினேன், அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தார்கள். பிளஸ் டூ தேறி இப்போது கோயம்புத்தூரில் பி.காம். படிக்கிறாள், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறாள். அன்றைக்கு என்ன நினைத்தாய் என்று கேட்டுவிடலாம் போல இருக்கும். என் மனசு ஆறுவதற்காக அவளை மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைப்பது நியாயமில்லை, அதனால் கேட்கவில்லை.

இந்த வருஷம் ஒரு பையன் கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்டான். "இல்லப்பா, நீ பேசினத வச்சு உன்கிட்ட கேக்கணும்னு தோணிச்சு" என்றேன், இந்தத் தடவை சரியாகச் சொல்கிறோம் என்ற நம்பிக்கையோடு. அவன் முகம் வெளிறிவிட்டது. "ஏன் மிஸ், என்னப் பாத்தா அப்படியா தெரியுது?" என்று எழுந்துவிட்டான். சமாதானப்படுத்தி உட்கார வைக்க அந்தப் பீரியட் முழுக்க ஆனது. அதற்குப் பிறகு, மணி அடித்தும் போகாமல், எல்லாவற்றையும் கொட்டினான். அந்தப் பதிலால் பேசினானா, அந்தப் பதிலையும் மீறிப் பேசினானா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்து வரும் பிள்ளையிடமும் முதல் கேள்வியைக் கேட்பேன், அதை விடமாட்டேன். திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.