வேலூர்ச் சிப்பாயின் தலைப்பாகை: ஒரு சிற்றுருவக் குறிப்பேடு

ஜூன் 2

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலையில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த, கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைச் சிப்பாய்கள் பன்னிருவரை 28 மி.மீ. உயரப் பொம்மைகளாகச் செய்ய முடிவெடுத்திருக்கிறேன். அப்படைக்கென்றே வார்த்த பொம்மைகள் என் கைக்குக் கிட்டாததால், நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படையின் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கினேன். மேற்சட்டை ஏறத்தாழப் பொருந்துகிறது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் பொருந்தவில்லை.

ஜூன் 8

தஞ்சாவூர் ஓவியர்கள் ஐரோப்பியருக்காக வரைந்து விற்ற, சிப்பாயும் மனைவியும் இணையாக நிற்கும் படங்களே எனக்கு முதல் சான்று. சிவப்புக் கம்பளிச் சட்டைக்குக் கீழே தொடையளவில் நின்றுவிடும் வெள்ளைக் குறுங்காற்சட்டையும், வெறுங்காலும், செருப்பும் அவற்றில் தெளிவாகத் தெரிகின்றன. மேலே இங்கிலாந்தும் கீழே சோழநாடுமாக ஒரே மனிதன் நிற்பதுபோல் இருக்கிறது. ஆகவே பொம்மைகளின் நீள்காற்சட்டையைக் கத்தியால் சீவி, எப்பாக்சி மக்கினால் (களிமண்போல் பிசைந்து உருவாக்கினால் பின்பு இறுகிவிடும் கலவை) முழங்காலையும் கெண்டைக்காலையும் உருவாக்குகிறேன். ஒரு நாளில் மூன்று இணைக் கால்களுக்கு மேல் முடியவில்லை.

சிவப்பிலும் கவனம் வேண்டும். அக்காலப் பிரிட்டிஷ் படைகளில் அதிகாரியின் சட்டைக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த பளிச்சென்ற செஞ்சாயமும், சாதாரண வீரனின் சட்டைக்கு மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயமும் பயன்பட்டன. எனவே சிப்பாய்களுக்குச் செங்கல் நிறத்தை அடிப்படையாகப் பூசி, மடிப்புகளில் மட்டும் பழுப்பைக் கசியவிட்டேன்.

ஜூன் 15

இன்று தலைப்பாகை. 1805 நவம்பரில், தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக்கின் காலத்தில் வந்த ஆணைதான் சிக்கலின் வேர். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பவற்றோடு, ஐரோப்பியரின் வட்டத்தொப்பியை நினைவூட்டும் புதிய தலைப்பாகையும் திணிக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் அக்னியூ என்ற அதிகாரி. அதன் முன்புறத்தில் குத்திய தோல் இலச்சினை எந்த விலங்கின் தோலோ என்ற ஐயம் இந்துச் சிப்பாய்களையும் முஸ்லிம் சிப்பாய்களையும் ஒருசேரக் கொதிக்கச் செய்தது. அந்த இலச்சினையை என் அளவுக்குக் குறைத்தால் கடுகில் பாதிதான் வருகிறது. இடுக்கியில் எடுத்த முதலிரண்டும் தெறித்துக் காணாமற்போயின.

ஜூன் 16

நேற்றிரவு ஆர்வ மிகுதியில் மூவருக்கு நாமமும் இருவருக்குத் திருநீறும் இட்டு, ஒருவனுக்குக் கடுக்கனும் வைத்திருந்தேன். காலையில் பார்த்தபோதுதான் உறைத்தது: அந்த அறுவரின் தலையிலும் இருப்பது புதிய தலைப்பாகை. ஆணையின் ஒரு பாதிக்குப் பணிந்து மறுபாதியை மீறி அணிவகுப்பில் நிற்பவனைச் சாட்டைக்கு முன்தான் நிறுத்தியிருப்பார்கள். புதிய தலைப்பாகையை மறுத்தவர்களுக்கே 1806 மே மாதத்தில் கசையடித் தண்டனை விதித்தார்கள். ஐந்து நெற்றிகளையும் தோல்நிறம் பூசி மறைத்தேன், கடுக்கனைச் சுரண்டினேன். முகத்தில் வண்ணம் தடித்துப் போனதில் எனக்கு வருத்தமே.

ஜூன் 29

கிளர்ச்சி நடந்த ஜூலை 10 அதிகாலைக் காட்சியை அமைப்பதால், எல்லாரையும் முழுச் சீருடையில் நிறுத்துவது சரியா என்று ஒரு வாரம் தயங்கினேன். அன்று காலைப் பயிற்சிக்காகச் சிப்பாய்கள் முந்தைய இரவு கோட்டைக்குள்ளேயே தங்கியிருந்தனர். கிளர்ச்சியோ விடியலுக்கு வெகு முன்பே வெடித்தது. உறக்கத்திலிருந்தோ படுக்கையருகிலிருந்தோ எழுந்தவர்கள் பித்தான் முழுவதையும் பூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று என் மனம் ஒப்பவில்லை. நால்வரின் தலைப்பாகையை அறுத்தெடுத்துவிட்டு, இருவருக்குக் குடுமியும் இருவருக்குக் கலைந்த முடியும் மக்கினால் வைத்தேன். இவர்கள் நெற்றியில் குறியிடவும் இனித் தடையில்லை என்பதால், குடுமிக்காரர் இருவருக்கும் மெல்லிய தூரிகையால் திருநீற்றுக் கோடுகளை மீண்டும் இழுத்தேன். வெள்ளையோடு துளி சாம்பல் நிறம் கலந்ததில் இம்முறை நன்றாக அமைந்தது. பீடத்துக்குக் கருங்கல் தளம் செதுக்குவது மட்டும் மீதியிருக்கிறது.