மார்கழியும் நாய் ஸ்வெட்டரும்

மார்கழி பிறந்துவிட்டால் போதும், பெசன்ட் நகர் கடற்கரையில் குல்லா போட்ட தாத்தாக்களோடு ஸ்வெட்டர் போட்ட நாய்களும் நடைக்கு வந்துவிடுகின்றன. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. நாயின் உடம்புச் சூடு இயல்பாகவே 38, 39 டிகிரி. நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்கவும் வழியில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும்.

நேற்று பனிப்பிரதேசத்து நாயான ஹஸ்கி ஒன்றைப் பார்த்தேன். ஏற்கெனவே இரண்டு அடுக்கு ரோமம், அதற்கு மேல் சிவப்புக் கம்பளிக் கோட்டு! "பாவம், குளிருமேன்னு போட்டேங்க" என்றார் கூட வந்தவர். பாவம் என்பது மட்டும் சரி.

கோட்டே கூடாது என்று சொல்லவில்லை. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒட்டின வயிறும் குட்டை முடியுமாக இருக்கிற நாயை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கூட்டிப்போனால் அவசியம் வேண்டும். குட்டிக்கும் கிழத்துக்கும்கூட. வாங்கும்முன் கழுத்துப்பட்டையிலிருந்து வாலடி வரை நீளமும், முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவும் அளந்துகொள்ளுங்கள். போட்டபின் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அக்குளில் உரசினால் புண்ணாகிவிடும். நனைந்தால் உடனே கழற்றிவிடுங்கள், ஈரக் கோட்டு குளிரை அதிகமாக்கும்.

சென்னைக்கு? வெறும் தரையில் படுக்கிற வயதான நாய்க்கு ஒரு பழைய கோணிச்சாக்கு விரித்துக் கொடுத்தால் தாராளம்.