சிட்டுவுக்கு வயிறு தெரியவில்லை

டிசம்பர் 2
எட்டு மாதம் தாண்டியாயிற்று. என் குதிரை சிட்டு இன்னும் ஒட்டிய வயிறோடுதான் நிற்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் "இது சினையா?" என்கிறார்கள். சினை பிடித்த 16ஆம் நாள் ஸ்கேனில் ஒற்றைக் கரு தெரிந்தது, அப்புறம் துடிப்பும் பார்த்தாயிற்று. இருந்தும் ஒவ்வொருவர் கேட்கும்போதும் வயிறு கலங்குகிறது. என் வயிறு.

டிசம்பர் 9
இன்று வந்தவர் நேரே தங்கத்திடம் போய் விலாவைத் தடவி, "எப்போ ஈனும்?" என்றார். தங்கம் சினையே இல்லை. முற்றிய புல்லைத் தின்று குடல் பெருத்த வயிறு அது. முதுகில் சதை வற்றியிருப்பதால் கீழே இருப்பது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. சினை இருப்பவளிடம் சந்தேகம், இல்லாதவளிடம் விசாரிப்பு. நல்ல லாயம் இது!

டிசம்பர் 21
சினையாக இருக்கும் இன்னொருத்தி, கருப்பிக்குப் பின்னால் போய் நின்று வெகு நேரம் பார்த்தேன். போன மாதம் வயிறு இரண்டு பக்கமும் அகன்று, நடக்கும்போது இடமும் வலமும் ஆடியது. இப்போது பக்கங்கள் தட்டையாகிக்கொண்டே வருகின்றன, கனம் முழுவதும் அடியில் இறங்குகிறது. யாரோ சாக்கைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. முதுகும் குழிந்துவிட்டது. ஏழு ஈத்து கண்டவள். ஒவ்வொரு ஈத்திலும் வயிற்றுத் தசை கொஞ்சம் தளர்ந்துதானே வந்திருக்கும், அதனால் இவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சிட்டுவுக்குத் தலையீற்று. தசை இறுக்கம் விடவில்லை, குட்டியை மேலேயே தாங்கிப் பிடித்து வைத்திருக்கிறது. டாக்டர் சொன்னதும் இதுதான். குட்டியின் எடையில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுமாம். அப்படியென்றால் இனிமேல்தான். இனிமேல்தான் என்று எத்தனை முறை சொல்லிக்கொள்வது?

ஜனவரி 3
சிட்டு தண்ணீர் குடித்து நிமிர்ந்ததும் விலாவில் ஒரு புடைப்பு எழுந்து அடங்கியது. உதை! கண்ணால் பார்த்தேன். இனி யார் வேண்டுமானாலும் கேட்கட்டும்.

ஜனவரி 14
கருப்பியின் மடிக்கு முன்னால் அடிவயிறு தடித்துப் போயிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெல்லத்தான் நிரம்புகிறது. இரவெல்லாம் தூக்கமில்லை. வயிற்றைத் தாங்கும் தசைநாணே கிழிந்துபோவது உண்டு, அதுவும் வயசான பெருவயிற்றுக்காரிகளுக்கு. காலையில் டாக்டர் வந்தார். தொட்டால் வலிக்கிறதா, நடக்க மறுக்கிறாளா, மடி முன்னோக்கிச் சரிந்திருக்கிறதா, பாலில் ரத்தம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதுவும் இல்லை. வெறும் நீர் கோத்த வீக்கம். வயிற்றின் கனம் ரத்த ஓட்டத்தையும் நிணநீரையும் அழுத்துவதால் வருவது. நிற்க வைக்காமல் நடத்துங்கள் என்றார். நடத்தினேன், மாலையில் கொஞ்சம் வற்றியிருந்தது. மறுபடி குனிந்து அழுத்தினேன். மறுபடியும்.

ஜனவரி 15
நடந்தோம்.

ஜனவரி 27
கருப்பிக்கு வால் அடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்துவிட்டது. தொட்டால் சதை கொழகொழவென்று இருக்கிறது. வாலைத் தூக்கினால் எதிர்ப்பே இல்லை. மடி இறங்கிப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. இன்று காம்பு நுனியில் மெழுகு மாதிரி உறைந்த சீம்பால் துளி. சிட்டுவின் வால் அடியோ கல் மாதிரி.

ஜனவரி 31
கருப்பி விடியுமுன் ஈன்றாள். வழக்கம்போல யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து. பெண் குட்டி, எழுந்து நின்று பாலும் குடித்துவிட்டது. நஞ்சுக்கொடி மூன்று மணி நேரத்துக்குள் விழுந்தது, விரித்துப் பார்த்தேன், முழுசாக இருக்கிறது. குட்டி வெளியே வந்த பிறகும் கருப்பியின் வயிறு தொங்கிக்கொண்டேதான் இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவன் இன்னொன்று உள்ளே இருக்கிறது என்றே சொல்வான்.

பிப்ரவரி 12
சிட்டுவுக்கு மடி இல்லை. வயிறும் இல்லை என்றே சொல்லலாம், விலாவுக்குக் கீழே லேசாக ஒரு வளைவு மட்டும். தலையீற்றுக்காரிகளில் சிலருக்கு ஈனுகிற அன்றுதான் மடி நிறையும் என்கிறார்கள். அப்படியானால் நான் எதைப் பார்த்து நாள் குறிப்பது? நாடா வைத்துச் சுற்றளவு எடுத்தேன். மூச்சை இழுத்தால் ஒன்று, விட்டால் ஒன்று. நாடாவைத் தூக்கி எறிந்தேன்.

பிப்ரவரி 23
இன்றோடு 340 நாள். ஒன்றுமில்லை. 320இலும் ஈனும், 365 தாண்டியும் ஈனும், தெரியும். தெரிந்து என்ன?

பிப்ரவரி 25
தங்கத்தின் வயிறு வற்ற ஆரம்பித்திருக்கிறது. தீவனம் மாற்றியது வேலை செய்கிறது. யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 26
பின்னால் நின்று பார்த்தால் சிட்டுவின் வயிறு கீழே கூம்பியிருக்கிறது. நேற்று இப்படி இல்லை, சத்தியமாக இல்லை. வால் அடி இளகியிருக்கிறது. மடி சூடு. டாக்டருக்குச் சொல்லிவிட்டேன். படுக்கிறாள், எழுகிறாள், விலாவைத் திரும்பிப் பார்க்கிறாள். மிச்சம் அப்புறம், வேர்க்கிறது அவளுக்கு