வலிப்பு இல்லை என்று தெரிய ஐந்து மாதம்

முதல் தடவை வந்தது கருங்கல் சந்தையில், மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது. இடது கையில் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு கூச்சம். மறு நொடியே பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மணிக்கட்டு வளைந்து, முழங்கை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. உயிர் போகிற வலி. சாளைப் பை கீழே விழுந்தது. அரை நிமிஷத்தில் கை பழையபடி ஆகிவிட்டது. மீன்காரி, “என்ன பிள்ளே, வலிப்பா?” என்றாள். எனக்கு நினைவு தப்பவே இல்லை.

ஒரு வாரத்தில் அது நாளுக்கு இருபது தடவை ஆனது. சட்டென்று எழுந்தால் வரும், கையை வீசி நீட்டினால் வரும். நான் தையல்காரி. மெஷினில் உட்காரவே பயந்தேன்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் வலிப்பு என்று சந்தேகப்பட்டு, தலையில் வயர் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் இ.இ.ஜி. எடுத்தார்கள். அதில் ஒன்றுமில்லை. பிறகு மனசுதான் காரணம், ரெஸ்ட் எடு என்றார்கள். மாமி ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்ன கொடுமையென்றால், டாக்டர் முன்னாலும் வராது, ஜெபம் பண்ணுகிறவர் முன்னாலும் வராது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வந்துவிடும்.

“இஞ்சேரு, இனி வரும்ப நான் போன்ல பிடிக்கேன்” என்றார் வீட்டுக்காரர். இதை அவர் முதல் வாரமே செய்திருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம்.

அந்த வீடியோவோடு குழித்துறையில் ரயிலேறித் திருவனந்தபுரம் போனோம். அங்கே நரம்பு டாக்டர் அதை மூன்று தடவை பார்த்தார். பிறகு, “நன்றாக இழுத்து இழுத்து, வேகமாக மூச்சு விடுங்க” என்றார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, கை மடங்கியது, அவர் கண் முன்னாலேயே! அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

“முன்னால எப்போதாவது கண் மங்கிச்சா?” என்று கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் வலது கண் மங்கி, அசைத்தால் வலித்து, மூன்று வாரத்தில் தானே சரியாகியிருந்தது. ராத்திரி கறுப்புத் துணி தைத்ததால் என்று நினைத்திருந்தேன். எம்.ஆர்.ஐ.யில் வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

நரம்பைச் சுற்றியுள்ள உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கும் நோய் இது என்றார் டாக்டர். வயரிங் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்கு எனக்கு முன்னால் புரிந்துவிட்டது: “அப்ப கரண்டு பக்கத்து லைனுக்குச் சாடுது.” டாக்டர் தலையாட்டினார்.

ஐந்து நாள் சலைனில் ஸ்டீராய்டு ஏறியது. வாயெல்லாம் இரும்புக் கசப்பு, ராத்திரி பொட்டு உறக்கமில்லை. கைப்பிடிப்புக்குக் கார்பமசெபின், குறைந்த அளவில். மூன்றாம் நாள் நின்றுவிட்டது. ஐந்து மாத அலைச்சலுக்கு இத்தனை சின்ன மாத்திரை! முதல் வாரம் வள்ளத்தில் நடப்பதுபோல ஆடினேன். தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

வலது கையில் பிறகு வந்த நடுக்கம் வேறு கதை. மடியில் கை இருந்தால் ஒன்றுமில்லை. நூலைப் பிடித்து ஊசிக் காதுக்குக் கொண்டுபோகும்போது, கிட்டே போகப்போக ஆட்டம் கூடும். அந்த மாத்திரை இதற்குக் கேட்கவில்லை. இதற்கு நல்ல மருந்து குறைவு என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பிசியோதெரபியில் முழங்கையை மேஜையில் ஊன்றி வேலை செய்யப் பழக்கினார்கள், மணிக்கட்டில் கனப்பட்டை கட்டினார்கள். ஊசியில் நூலை அடுத்த வீட்டுப் பிள்ளை கோர்த்துத் தருகிறாள். சாயா அரை கிளாஸ்தான் ஊற்றுவேன். மீன மாத வெயிலில் நடுக்கம் அதிகமாகும், கண்ணும் மங்கும். முதல் வருஷம் நோய் திரும்பிவிட்டது என்று அழுதேன். உடம்புச் சூடு இறங்கினால் அடங்கிவிடுகிறது. கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு தைக்கிறேன்.

மாற்றுத்திறனாளி சான்றுக்குப் போன இடத்தில், “கை கால் நல்லாத்தானே இருக்கு” என்றார் ஒருவர். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோயும் பெயரோடு இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து அடுத்த நாள் கொண்டுபோனேன். வாங்கிப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பேனா போன போக்கைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார்.