ஊதாச் சட்டைக் கூட்டத்தோடு பால்ஹல்லாவுக்கு

கலிபோர்னியாவின் சன்னிவேலில் ரயில் ஏறியபோது ஊதாச் சட்டை போட்டிருந்தவர்கள் நானும் அண்ணன் மகளும்தான். பாலோ ஆல்டோ தாண்டியதும் பெட்டியில் பாதி ஊதா. கோல்டன் கேட் பாலம் பார்க்கப் போகலாம் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். "பாலம் எங்க அத்தை ஓடிப்போகுது? இவங்க முதல் சீசன் ஒரு தடவைதான் வரும்" என்று மேட்ச் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டாள்.

இவங்க என்றால் கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் 2008-க்குப் பிறகு சேர்ந்த முதல் புது அணி. 2025-ல் ஆடத் தொடங்கியபோது லீக்கில் 13-வது. நுழைவுக் கட்டணமே 5 கோடி டாலர். இந்த வட்டாரத்துக்குப் பெண்கள் கூடைப்பந்து புதிதல்ல. தொண்ணூறுகளில் சான் ஹோசேயில் லேசர்ஸ் என்ற அணி இருந்தது, அது ஆடிய வேறொரு லீக்கே மூடிப்போனதால் அதுவும் போனது. பக்கத்து சாக்ரமென்டோவின் மோனார்க்ஸ் 2005-ல் கோப்பையே வாங்கிவிட்டு 2009-ல் கலைந்தது. எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் அந்த மோனார்க்ஸ் காலத்து ரசிகை. "பதினஞ்சு வருஷம் காத்திருந்தேன்" என்றார், ஏதோ பஸ் தாமதமாக வந்த மாதிரி.

சான் பிரான்சிஸ்கோ ரயில் நிலையத்திலிருந்து, வால்கிரீஸ் ஆடும் அரங்கமான சேஸ் சென்டருக்கு டிராம் இருக்கிறது. மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனாலும் நடந்தே போங்கள், கால்மணி நேரம்தான். மிஷன் கிரீக் ஓடைமேல் ஒரு பழைய தூக்குப் பாலம், கீழே வரிசையாக மிதக்கும் படகு வீடுகள். அரங்கத்துக்கு வெளியே ஆளுயரத்துக்கு மேல், முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த ஐந்து கோளங்கள் நிற்கின்றன. ஓலஃபுர் எலியாசன் என்ற கலைஞர் செய்தவை. நடுவில் போய் நின்றால் ஊதாச் சட்டைகள் நூறு மடங்காகத் தெரியும். கோடைதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போய்விடாதீர்கள். வளைகுடாக் காற்றுக்குக் கோடை, குளிர் எல்லாம் ஒன்றுதான்.

உள்ளே 18,064 இருக்கைகள். அந்த முதல் சீசனின் 22 உள்ளூர் மேட்சுக்கும் ஒன்றுகூட மிச்சமில்லை. ரசிகர்கள் அரங்கத்துக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் பால்ஹல்லா. மே 16 அன்று நடந்த முதல் மேட்சில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸிடம் 67-84 என்று தோற்றபோதும் இதே கூட்டம்தானாம். ஜெயிக்கிற அணியைத் தேடிக் கூட்டம் வரும் என்பார்கள். இங்கே கூட்டம் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது, வெற்றி பின்னால் வந்தது.

அதுவும் யாரை வைத்து? புது அணிக்கு ஆள் எடுக்கும் முறையே வேடிக்கை. அந்தத் தடவை பழைய அணிகள் ஒவ்வொன்றும் ஆறு பேரைத் தொடக்கூடாது என்று ஒதுக்கிக்கொண்டன. மிச்சம் இருந்தவர்களில் அணிக்கு ஒருவரைத்தான் எடுக்க முடிந்தது. அப்படி வந்தவர் வெரோனிகா பர்ட்டன். 2024-ல் டல்லாஸ் அணி வேண்டாம் என்று விட்டது, கனெக்டிகட் எடுத்தது, அங்கேயும் பெஞ்சில்தான். கெய்லா தோர்ன்டன், நியூயார்க்கின் கோப்பை அணியில் இருந்தவர். 32 வயதில் இங்கே வந்துதான், லீக்கின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் மேட்சுக்கு முதல்முறை தேர்வானார். ஜூலையில் பயிற்சியின்போது முழங்கால் போய் அவருடைய சீசன் முடிந்தது. அதற்கு முன் ஜூனில் ஐரோப்பியப் போட்டிக்காக அணியில் பலர் விமானம் ஏறிவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான், முன்பு விடுவிக்கப்பட்ட கெய்ட்லின் சென் என்பவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அண்ணன் மகளின் கட்சி சென்தான்.

நான் பர்ட்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருக்கைக்கு நேர் கீழே ஒருமுறை எதிரணிப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தார். பர்ட்டன் முழங்காலை மடித்துத் தாழ்ந்து நின்று, ஒரு கையை மட்டும் பந்தின் பக்கத்தில் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிடுங்கவில்லை, தொடக்கூட இல்லை. அந்தப் பெண் இடது பக்கம் போனார், வலது பக்கம் வந்தார், பாஸ் கொடுக்க ஆள் தேடினார். கூடையை நோக்கி எறியக் கொடுக்கும் 24 விநாடிக் கெடு தீர்ந்து பஸ்ஸர் அடித்தது. ஒரு கூடைகூட விழாத அந்த 24 விநாடிக்கு அரங்கமே எழுந்து கத்தியது. இந்தக் கூட்டத்துக்கு ஆட்டம் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கோச் நத்தலி நகாசே கோட்டோரத்தில் ஒரு நிமிடம் சும்மா நிற்கவில்லை. ஐந்தடி சொச்சம் உயரம். ஒரு காலத்தில் ஜப்பானில் ஆண்கள் அணிக்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். இந்த லீக்கில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசிய அமெரிக்கரும் அவர்தான்.

சரி, பிளே ஆஃப் கதைக்கு வருகிறேன். முதல் சீசனிலேயே பிளே ஆஃபுக்குப் போன புது அணி இதற்கு முன் எதுவும் இல்லை. இவர்கள் 23 வெற்றி, 21 தோல்வியோடு எட்டாவது இடம் பிடித்துப் போய்விட்டார்கள். ஆனால் சேஸ் சென்டரை லேவர் கோப்பை டென்னிஸுக்கு முன்பே கொடுத்தாயிற்று. இப்படி ஒரு தேவை வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்? அதனால் செப்டம்பர் 17 மேட்ச் சான் ஹோசேயில், ஐஸ் ஹாக்கி அரங்கமான எஸ்.ஏ.பி. சென்டரில். எங்களுக்கு நல்லதாய்ப் போயிற்று. டிரிடான் நிலையத்தில் இறங்கினால் எதிரே அரங்கம்.

முதலிடத்தில் இருந்த மின்னசோட்டா லிங்க்ஸ், மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய அந்தச் சுற்றின் முதல் மேட்சில் இவர்களை 101-72 என்று துவைத்து அனுப்பியிருந்தது. அன்றைக்கோ வால்கிரீஸ் வெகுநேரம் முன்னிலையில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், கண் படக்கூடாதே என்று. மின்னசோட்டா கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்து பிடித்தது. கடைசி எறிதல் விழவில்லை. 74-75. ஒரே ஒரு புள்ளி. அண்ணன் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் யாரும் வாசலுக்கு ஓடவில்லை. ஆடியவர்கள் உள்ளே போகும்வரை கைதட்டினார்கள்.

அப்புறம் நகாசேக்கு ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது, பர்ட்டனுக்கு அதிகம் முன்னேறிய வீராங்கனை விருது. என்னைக் கேட்டால் முதல் விருதில் பாதி அந்த 24 விநாடிக்குச் சேர வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: மேல்தளத்து டிக்கெட்டே போதும், ஆட்டத்தின் வியூகம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். சாப்பாட்டை வெளியே முடித்துக்கொண்டு போங்கள், உள்ளே விலை கேட்டால் பசி தானாகப் போய்விடும்.