1970இல் வாக்கினால் வாங்கிய சோசலிசம்

முதலாளித்துவத்தை ஜனநாயக வழியில் சிறிது சிறிதாகத் திருத்திச் சோசலிசத்துக்கு வந்து சேரலாமா என்று ஆம் என்ற சோசலிஸ்ட் பேர்ன்ஸ்டைனும் இல்லை என்ற றோசா லக்சம்பேர்க்கும் ஜேர்மனியில் மோதிக்கொண்டு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. கொழும்பில் இன்று அந்தக் கேள்வியை எடுப்பவர்கள் பெரும்பாலும் சுவீடனைக் காட்டி ஆம் என்பார்கள், அல்லது சிலியைக் காட்டி இல்லை என்பார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சிலியில் சோசலிஸ்டான சல்வடோர் அலெண்டே 1970 செப்டெம்பரில் தேர்தலில் வெற்றி பெறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே இலங்கை வாக்காளர்கள் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்த ஐக்கிய முன்னணிக்கு 151 ஆசனங்களில் 116ஐ அள்ளிக் கொடுத்திருந்தார்கள். அந்த வெற்றியில்தான் சமசமாஜக் கட்சியின் ட்ரொட்ஸ்கியவாதியான கலாநிதி என். எம். பெரேரா நிதியமைச்சராகவும், அதே கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்ட அமைச்சராகவும், கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராகவும் ஆனார்கள். வாக்கினால் சொத்துரிமையை மாற்ற முடியும் என்பதை அந்த அரசாங்கம் ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது என்பதே என் எண்ணம். கைமாறிய சொத்தை யார் ஆளுவது, வாக்காளர் இடாப்பில் யார் இருக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் அது தட்டிக் கழித்தது. அதனால்தான் அது நிலைக்கவில்லை.

சீர்திருத்தத்தால் ஒன்றும் ஆகாது என்று இந்த நாட்டில் யாரும் சொல்ல முடியாது. 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தது, 1945இல் இலவசக் கல்வி வந்தது, 1958இல் பஸ் கம்பனிகளும் துறைமுகமும் அரசுடைமையாயின. இவை தானாக வந்தவையுமல்ல. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடு முடங்கியது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட நேர்ந்தது. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பாராளுமன்றமும் தெருவும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போன காலம் அது.

1970க்குப் பின் நடந்தவை அதைவிடப் பெரியவை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் வயற்காணிக்கு 25 ஏக்கர், ஏனைய காணிக்கு 50 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. 1973இல் வீட்டுடைமைக்கும் உச்சவரம்பு வந்தது. 1975இல் பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்களும் எடுக்கப்பட்டன. இரண்டு கட்டங்களிலும் சேர்த்து அரசின் கைக்கு வந்தது ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கர். ஓர் அரசாங்கம் ஏற்றுமதி வருமானத்தின் முதுகெலும்பையே சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. இதைச் சில்லறைச் சீர்திருத்தம் என்று றோசா லக்சம்பேர்க்கின் கண்டிப்பான சீடர்கள்கூடச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் அந்தத் தோட்டங்களில், தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் என்ன மாறியது? விடியற்காலையில் பேர் போட்ட கணக்கப்பிள்ளை அப்படியே இருந்தார், கொழுந்து நிறுக்கும் தராசும் அப்படியே இருந்தது, லயத்துக் கூரையும் ஒழுகியபடியே இருந்தது. லண்டன் கம்பனியின் துரை போய்க் கூட்டுத்தாபனத்தின் துரை வந்தார். தோட்டங்கள் எடுக்கப்பட்ட காலத்தில் கொழும்பில் நடந்த சண்டை, அவை எந்த அமைச்சின் கீழ் வரவேண்டும் என்பது பற்றியது. சமசமாஜக் கட்சி 1975 செப்டெம்பரில் அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டதற்கு அந்த இழுபறியும் ஒரு காரணம். அந்தச் சண்டையில் கொழுந்து பறிப்பவர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. அவர்களிற் பலருக்கு அப்போது வாக்குரிமையே இருக்கவில்லை.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்க வழிவகுத்தபோது சமசமாஜக் கட்சி அதை எதிர்த்து வாக்களித்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராகக் கொல்வின் ஆற்றிய உரையை இன்றைக்கும் தமிழர்கள் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வார்கள். அதே கட்சி 1964 ஜூனில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தது. ஒக்டோபரில் அந்த அரசாங்கம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 1972இல் கொல்வினே வழிநடத்தி ஆக்கிய குடியரசு யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, சிறுபான்மையினரின் பாதுகாப்புக்கென இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைக் கைவிட்டது. பெரும்பான்மையைத் திரட்ட வேண்டும் என்பது சீர்திருத்தப் பாதையின் அடிப்படை நிபந்தனை. வர்க்கத்தின் பெயரால் திரட்ட முடியாத பெரும்பான்மையை மொழியின் பெயரால் திரட்டியவர்களோடு கூட்டுச் சேர்ந்தபோது இடதுசாரிகள் அந்த நிபந்தனையைக் குறுக்கு வழியில் நிறைவேற்றிக்கொண்டார்கள்.

சிலியில் 1973 செப்டெம்பர் 11இல் இராணுவம் வந்து அலெண்டேயைக் கவிழ்த்தது. இங்கே தேர்தலே போதுமாக இருந்தது. எண்ணெய் விலையேற்றமும் உணவுத் தட்டுப்பாடும் பாண் வரிசைகளும் கண்ட மக்கள் 1977இல் இடதுசாரிக் கட்சிகளிலிருந்து ஒருவரைக்கூடப் பாராளுமன்றத்துக்கு அனுப்பவில்லை. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரம் தொழிலாளர்கள் ஒரே அடியாக வேலையிழந்தபோது அவர்களுக்காகத் தெருவில் இறங்க நாடு தயாராக இருக்கவில்லை. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது.

நிலைத்தவையும் உண்டு. கொழும்பில் நகர மண்டபப் பக்கமுள்ள ஒசுசல மருந்துக் கடைக்குப் போய்ப் பாருங்கள். கையில் மருந்துத் துண்டோடு வரிசையில் நிற்பவர்களில் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமையும் இருப்பார், ஓய்வுபெற்ற அதிபரும் இருப்பார். இரண்டு மொழியிலும் விலை கேட்டு, ஒரு மாதத்து மாத்திரைக்குக் காசு போதாவிட்டால் இரண்டு வாரத்துக்கு மட்டும் வெட்டித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் தொடங்கிவைத்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடை அது. வணிகப் பெயரை விட்டு மருந்தின் பெயரால் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்குவதுதான் அவர் கொண்டுவந்த முறை. 1977க்குப் பின்வந்த எந்த அரசாங்கத்துக்கும் அதை மூடத் துணிவு வரவில்லை. அதன் பயன் சாதாரண மனிதரின் கைக்கு நேரே, மொழி பார்க்காமல் போய்ச் சேர்ந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சுவீடனின் உதாரணத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் நலன்புரி அரசு அல்ல. 1976இல் தொழிற்சங்கப் பொருளியலாளர் றுடோல்ஃப் மைட்னர் முன்வைத்த திட்டம். பெரிய கம்பனிகள் ஆண்டு இலாபத்தில் ஐந்திலொரு பங்கைப் புதிய பங்குகளாகத் தொழிலாளர் நிதியங்களுக்குக் கொடுக்கவேண்டும். சில பத்தாண்டுகளில் கம்பனிகளின் பெரும்பான்மை உரிமை அமைதியாகக் கைமாறிவிடும். முதலாளிகளுக்கு அதன் பொருள் உடனே விளங்கியது. 1983 ஒக்டோபரில் அவர்கள் ஸ்டொக்ஹோம் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். நீர்த்துப்போன வடிவில் நிறைவேறிய அத்திட்டத்தை அடுத்துவந்த வலதுசாரி அரசாங்கம் கலைத்தது.

நம்மிடம் அப்படியொரு நிதி 1958 முதல் இருக்கிறது என்பதை ஏனோ எவரும் இந்த விவாதத்தில் எடுப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்காக மாதாந்தச் சம்பளத் துண்டில் எட்டு வீதம் கழிக்கப்படுகிறது, வேலைகொள்வோர் பன்னிரண்டு வீதம் சேர்க்கிறார். நாட்டின் மிகப் பெரிய ஓய்வுகால நிதி அது. தனியார் துறைத் தொழிலாளரின் பொதுவான மூலதனம். அதை முதலீடு செய்வது மத்திய வங்கி, பெரும்பகுதி அரச கடன் முறிகளில் இருக்கிறது, உறுப்பினருக்கு அதில் ஒரு வாக்கும் இல்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகள் வைத்திருந்த ரூபாய்க் கடன் முறிகளைத் தொடவில்லை. ஓய்வுகால நிதியங்களோ குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ளவேண்டும், மறுத்தால் 14 வீத வரி 30 வீதமாகும் என்றார்கள். உரிமையாளர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம்கூட வைக்காமல் காரியம் முடிந்தது. தோட்டங்களில் 1975இல் நடந்ததும் இதுவேதான்.

2024 நவம்பரில் இடதுசாரிப் பின்னணியுள்ள தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களைப் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறில் மூன்றும் அதற்குள் அடக்கம். 1970இல் இல்லாத ஒன்று, வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் சேர்ந்துவந்த வாக்கு, இப்போது கையில் இருக்கிறது. ஆனால் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீத முதன்மை மிகையை, அதாவது வட்டி நீங்கலான செலவைவிட அவ்வளவு கூடிய வருமானத்தைக் கேட்கிறது, வட்டி நீங்கலான செலவு 13 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, மத்திய வங்கி அரசாங்கத்துக்குப் பணம் அச்சிட்டுக் கொடுக்கவும் முடியாது. கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்று அரசாங்கத்தின் நண்பர்கள் சொல்வதில் உண்மை உண்டு. புதிதாக எதையும் தேசியமயமாக்கப் பணம் இல்லை என்பதையும் ஏற்கிறேன்.

சேமலாப நிதியின் முகாமைத்துவத்தை அதன் உறுப்பினர்கள் தெரிவுசெய்யும் சபையிடம் ஒப்படைப்பதற்குத் திறைசேரியிலிருந்து பெரிதாக எதுவும் செலவாகாது. நாணய நிதியத்தின் இலக்கு எதுவும் அதனால் தவறிப்போகாது. மூன்றிலிரண்டு பெரும்பான்மைகூட அதற்குத் தேவையில்லை, சாதாரணச் சட்டத் திருத்தம் போதும். அதைச் செய்ய இந்த அரசாங்கமும் தயங்குமானால் காரணம் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: சம்பளத் துண்டில் கழிபட்ட பணத்தைக் கழிபட்டவர்களே ஆளத் தொடங்கினால், திறைசேரி கேட்கும் வட்டிக்குக் கடன் கொடுக்கமாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிடக்கூடும்.